நாள் முடிந்த மருந்து! நாளெண்ணும் நோயாளி!

சாக்ரட்டீசிடம் நீட்டப்பட்ட கோப்பையிலே இருந்தது நஞ்சு. நஞ்சென்பது கொடுத்தவனுக்கும் தெரியும், குடித்தவனுக்கும் தெரியும், கூடி நின்று கண்ணீர் வடித்த நண்பர்களுக்கும் தெரியும். ஏதென்சு நகரத்து மன்றம் வழங்கியது அநீதியான தீர்ப்புத்தான். ஆயினும் அந்தத் தீர்ப்பை அது மறைத்து வழங்கவில்லை.

நம் நாட்டிலே, காய்ச்சலால் துவண்ட குழந்தையைத் தோளிலே சுமந்துகொண்டு மருந்துக் கடையின் முன் நிற்கிறாளே ஒரு தாய், அவளிடம் நீட்டப்படும் புட்டியிலே இருப்பது என்ன? உயிர் காக்கும் மருந்தா, உரமிழந்துபோன திரவமா? அவளுக்குத் தெரியாது. எறும்பு ஊர்ந்த தடம்போல, ஆங்கில எழுத்திலே, ஒரு மாதத்தையும் ஓர் ஆண்டையும் புட்டியின் ஓரத்திலே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியிலே அவள் பிள்ளையின் நலம் அடங்கியிருக்கிறது. அவளால் அதைப் படிக்க இயலாது. படிக்கத் தெரிந்தவர் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தாரா என்பதும் அவளுக்குத் தெரியாது. சாக்ரட்டீசுக்காவது தீர்ப்பு வாசிக்கப்பட்டது. இவளுக்குப் பல கடைகளிலே ரசீதுகூடத் தரப்படுவதில்லை!

மாநில உரிமை பேசவேண்டிய இடத்திலே மாத்திரை அட்டையைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ணாதீர்கள், தோழர்களே! அரசு என்பதற்கு ஆயிரம் இலக்கணம் சொல்வர் அறிஞர்கள். காசு கொடுத்து வாங்கும் மருந்து மருந்தாகவே இருக்கும் என்ற உறுதியைக்கூட ஒரு குடிமகனுக்குத் தர இயலாத அரசுக்கு, அந்த ஆயிரத்தில் எந்த இலக்கணம் பொருந்தும்?

வள்ளுவர் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் அது. அதன் இறுதியிலே மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டினார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, மருந்தை அருகிருந்து தருபவன் என்ற நான்கு. நம் காலத்திலே முதல் மூவரைப் பற்றிப் பேசாத வாயில்லை. நான்காமவரை மறந்துவிட்டோம். மருந்தை எடுத்துத் தருகின்ற அந்தக் கை, தருமுன்னே நாளைப் பார்த்ததா என்று கேட்பாரில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதார் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கலாகாது என்று சொல்லிற்று. கடைச் சுவரிலே சட்டமிட்டு மாட்டிய சான்றிதழிலே மருந்தாளுநரின் படம் இருக்கிறது. படத்துக்கு உரியவர் எங்கே? எத்தனையோ கடைகளிலே, படம் மட்டுந்தான் பணிக்கு வருகிறது!

காலாவதி என்றால் என்ன? அறிந்துகொண்டு பேசுவோம். குறித்த அளவு வீரியம், குறித்த வெப்பத்திலே, குறித்த உறையிலே, இந்த நாள் வரை குறையாதிருக்கும் என்று உற்பத்தியாளன் தரும் உறுதிமொழி அது. மாதமும் ஆண்டும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். அந்த நாள் கடந்த பிறகு, உறுதிமொழி கொடுத்தவனே கையை விரித்துவிடுகிறான்.

"நேற்று வரை மருந்து, இன்று காலை நஞ்சாகிவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்த கனவான்கள், அமெரிக்காவிலிருந்தே ஆதாரம் கொண்டுவந்து கேட்பார்கள். உண்மைதான், அமெரிக்கப் படைத்துறை தன் கிடங்குகளிலே குவித்து வைத்த மருந்துகளின் ஆயுளை நீட்டிக்க 1986இலே ஒரு திட்டம் தொடங்கிற்று. 122 மருந்துகள், 3,005 தொகுதிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 88 சதவிகிதத் தொகுதிகளின் ஆயுளை, குறித்த நாளுக்குப் பின்னும் நீட்டிக்க முடிந்ததென்று 2006இலே ஆய்வேட்டில் வெளியிட்டார்கள். மறைக்கவில்லை நான், மறைத்துப் பேச வேண்டிய வழக்கல்ல இது.

ஆனால், கனவான்களே! அந்த மருந்துகள் உறை பிரிக்கப்படாமல், வெப்பம் அளந்து காக்கப்பட்ட கிடங்கிலே இருந்தவை. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுக்கூடத்திலே சோதித்தார்கள். நீட்டித்த பிறகும் மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். ஒரே மருந்திலேகூட ஒரு தொகுதி தேறிற்று, மற்றொரு தொகுதி தேறவில்லை. எது தேறும், எது தேறாது என்பதைச் சோதனையின்றிச் சொல்ல இயலாது என்பதே அந்த ஆய்வு சொன்ன பாடம். சித்திரை வெயிலிலே தகரக் கூரைக்குக் கீழே வெந்து, மின்சாரம் போய்ப் போய் வந்த குளிர்ப்பெட்டியிலே உறைந்தும் உருகியும் கிடக்கும் நம்மூர் மருந்துக்கு அந்த நற்சான்றிதழை ஒட்டலாமா? 2 பாகையிலிருந்து 8 பாகைக்குள் காக்கவேண்டியது இன்சுலின். ஈரம் பட்டால் பிளவுபட்டுக் காடி நாற்றம் வீசுவது ஆஸ்பிரின். நெஞ்சுவலி கண்டவர் நாக்கின் அடியிலே வைத்து உயிர் பிழைக்கும் நைட்ரோகிளிசரின், உறை திறந்திருந்தால் வீரியத்தை விரைவிலே இழப்பது. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுற்ற செய்தி 1963இலேயே மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. கிருமியைக் கொல்லும் மருந்து பாதி வீரியத்தோடு உள்ளே போனால், கிருமி சாவதில்லை; பயிற்சி பெறுகிறது!

அறிவியலுக்குத் தெரிந்தது சட்டத்துக்குத் தெரியாதா? தெரியும், வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரியும். சந்தையிலே கலப்படமும் போலியும் மலிந்தன என்ற கூக்குரல் எழுந்ததால், கர்னல் சோப்ரா தலைமையிலே 1930இலே ஒரு குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது. அறிக்கை சட்டமாக ஒன்பதாண்டுகள் ஆயின: 1940இலே மருந்துச் சட்டம், 1945இலே விதிகள். 1962இலே அழகுப் பொருட்களையும் சேர்த்துக்கொண்டது அந்தச் சட்டம். அதன் 65ஆம் விதி ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது: நாள் கடந்த மருந்தை விற்கலாகாது, விற்பனைச் சரக்கோடு வைத்திருக்கவும் கூடாது. திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தால், தனியே பிரித்து, பெட்டியின் மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று எடுப்பாக எழுதி வைக்கவேண்டும்.

சட்டம் பேசிற்று, சந்தை என்ன செய்தது? 2010ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களை மறந்துவிடவில்லையே? சென்னைக் கொடுங்கையூர்க் குப்பைமேடு! அழிப்பதற்காகக் கொட்டப்பட்ட மருந்துகள் அங்கே அழியவில்லை. பொறுக்கப்பட்டன, துடைக்கப்பட்டன, பழைய நாள் அழிக்கப்பட்டது, புதிய நாள் பொறிக்கப்பட்டது, மீண்டும் கடைக்குப் போயின! கைதுகள் நடந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் ஒப்படைக்கப்பட்டது, தமிழகமே திகைத்தது. குப்பைமேட்டிலிருந்து நோயாளியின் தொண்டை வரை ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதையிலே ஒரு காவலன்கூட இல்லை! திடுக்கிட்டோம், தீர்மானம் போட்டோம், சில திங்கள் சோதனை நடத்தினோம், பிறகு ஓய்ந்தோம்.

ஏன் ஓய்ந்தோம்? தீயவன் ஒருவனைச் சிறையிலே தள்ளிவிட்டால் தீமை தீர்ந்தது என்று எண்ணியதால்! நாள் கடந்த மருந்து வானத்திலிருந்து விழுவதில்லை. அது பிறக்கின்ற இடம் ஒன்று உண்டு. நாடகம் எழுதுவது என் தொழில். ஆகவே அந்த இடத்தை ஒரு காட்சியாகவே காட்டுகிறேன்; கற்பனைக் காட்சிதான், ஆனால் மருந்துக் கடை வைத்திருக்கும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனிக்காரர்: நூறு பெட்டி எடுத்தால் பத்துப் பெட்டி இலவசம். எடுத்துக்கொள்ளும்!

கடைக்காரர்: எங்கள் ஊரிலே இருபது பெட்டிதானே போகும், ஐயா?

கம்பெனிக்காரர்: அதற்கென்ன? ஈராண்டு ஆயுள் இருக்கிறதே!

(ஈராண்டு கழிகிறது.)

கடைக்காரர்: மீதம் நின்றுவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்த விற்பனையாளர்: முழு அட்டையாக இருந்தால் பார்க்கலாம். நறுக்கிய அட்டையை வாங்கமாட்டோம். கெடுவும் தாண்டிவிட்டதே!

கடைக்காரர் (தனக்குள்): வட்டிக்கு வாங்கிய பணம்... குப்பையிலே கொட்டவா?

அந்தக் கடைசி வரியிலேதான், தோழர்களே, குற்றம் கருக்கொள்கிறது. நேர்மையுள்ளவர் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு கொட்டிவிடுகிறார். நெஞ்சு இளகியவர் தள்ளுபடி விலையிலே தள்ளிவிடுகிறார். துணிந்தவர் நாளிருக்கும் முனையை நறுக்கி எறிந்துவிட்டு, நாளில்லாத முனையை நீட்டுகிறார். மூவரையும் அந்த முச்சந்திக்குக் கொண்டுவந்து நிறுத்தியவன் யார்? தேவைக்குமேல் திணித்தவன்! திணிக்கும்போது இலாபத்தைக் கணக்கிட்டவன், திரும்பும்போது நட்டத்தைக் கடைக்காரர் தலையிலே கட்டுகிறான். கடைக்காரர் அதைக் கூலிக்காரன் குடலிலே கட்டுகிறார். மாளிகையிலே பிறந்த நட்டம், மண்குடிசையிலே வந்து அடக்கமாகிறது!

இனி அரசு மருத்துவமனைப் பக்கம் வருவோம். தனியாரைச் சாடிவிட்டு அரசைத் தப்பவிட்டால் அது நடுநிலையாகாது. 1994இலே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மாவட்டந்தோறும் கிடங்கு, மருத்துவமனைக்கு ஒரு கணக்குப் புத்தகம், தொகுதிக்கு ஒரு சோதனை, எந்தச் சரக்கு எங்கே எந்த நாள் வரை என்று கணிப்பொறியிலே பதிவு என்று அது வகுத்த முறையைக் கேரளமும் இராசத்தானும் பார்த்துப் பின்பற்றின. பெருமைதான், பேசுவோம். ஆனால் கிடங்கின் வாசலோடு கணக்கு முடிந்துவிடலாகாது. கிடங்கிலிருந்து புறப்பட்ட பெட்டி, வார்டிலே செவிலியர் மேசை இழுப்பறைக்கும், மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரிக்கும், அவசர ஊர்தியின் பேழைக்கும் போகிறது. அங்கே நாளைப் பார்ப்பவர் யார்? ஒரு மருந்தாளுநர் நூற்றுக்கணக்கானோர் வரிசைக்கு மருந்தும் வழங்கி, பேரேடும் எழுதி, அலமாரியையும் துழாவ வேண்டும் என்றால், எதைச் செய்வார், எதை விடுவார்?

இங்கே சட்டத்திலே உள்ள ஒரு நுணுக்கத்தைச் சொல்லவேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்று விதிகளின் கே அட்டவணை விலக்களிக்கிறது. விலக்கு வெறுங்கையோடு தரப்படவில்லை. தகுதி பெற்றவர் மேற்பார்வையிலே மருந்து வழங்கப்படவேண்டும், முறைப்படி காக்கப்படவேண்டும், மருந்து ஆய்வாளர் எப்போது வந்தாலும் கதவு திறக்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் தரப்பட்டது. ஆக, தனியார் கடைக்குள் நுழையும் அதே ஆய்வாளர் அரசு மருந்தகத்துக்குள்ளும் நுழையலாம். நுழைகிறாரா? அரசின் கை அரசின் சட்டைப்பையைச் சோதிக்கத் தயங்குகிறது! கடைக்காரரிடம் காணப்பட்டால் குற்றம், கருவூலப் பணத்திலே வாங்கியதானால் கவனக்குறைவா? காசில்லாமல் வாங்குகிறவனுக்குக் காலாவதியானது போதும் என்று எந்தச் சட்டம் சொன்னது?

ஆய்வாளர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. 200 கடைகளுக்கு ஓர் ஆய்வாளர், 50 தொழிற்சாலைகளுக்கு ஓர் ஆய்வாளர் வேண்டுமென்று 2003இலே மஷேல்கர் குழு பரிந்துரைத்தது. விதியோ, ஒவ்வொரு கடையையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆய்வு செய்க என்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை! மருந்து சாவதோ மாதந்தோறும். பன்னிரண்டு மாதக் கடைசிகளிலே பதினொன்று காவலின்றிக் கழிகின்றன. ஆகவே ஆய்வாளர் எண்ணிக்கையை உயர்த்துவது கட்டாயம். அதுவே போதும் என்று எண்ணுவது மயக்கம். மேற்பார்வை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2025இலே கண்டோம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையிலே தயாரான இருமல் மருந்திலே டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கலந்திருந்தது; மத்தியப் பிரதேசத்திலே இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் மடிந்தன. அது நாள் கடந்த மருந்தல்ல, நஞ்சு கலந்த மருந்து. ஆனால் இரண்டும் நுழைந்த வாசல் ஒன்றுதான்: பார்க்கவேண்டிய கண் பார்க்காத வாசல்!

இந்த நிலையிலே டில்லி ஆளவந்தார்கள் என்ன செய்தார்கள்? கண்ணைத் திறந்தார்களா? கதவைத் திறந்தார்கள்! 2023இலே 'ஜன் விசுவாஸ்' என்றொரு சட்டம் கொண்டுவந்தார்கள். மக்கள் நம்பிக்கை என்பது அந்தப் பெயரின் பொருளாம். மருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவிலே, ஓராண்டுக்குக் குறையாத சிறையும் 20,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கத்தக்க குற்றங்களின் உட்பிரிவு ஒன்று இருக்கிறது. மருந்து விதிகளை மீறுவோர் வந்து விழுகின்ற வலை அது. அந்தக் குற்றங்களைத் தொகை கட்டி இணக்கமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது புதுச் சட்டம். தொழில் நடத்துவோர்க்குத் தொல்லை குறையவேண்டுமாம்! குறையட்டும், எழுத்துப் பிழைக்கும் ஏட்டுப் பிழைக்கும் சிறை வேண்டாம் என்றால் நானும் கை தூக்குவேன். ஆனால் நோயாளியின் உடலிலே நேர்ந்த பிழைக்கும் அதே தராசா? அபராதம் கட்டிவிட்டு அடுத்த நாள் கடை திறக்கலாம் என்றால், அபராதம் தண்டனையாகாது, வியாபாரச் செலவாகும். மக்கள் நம்பிக்கை என்று பெயர் சூட்டினீர்களே, எந்த மக்கள்? யாருடைய நம்பிக்கை?

குறை கூறிவிட்டுக் கலைவதற்காக நான் எழுதவில்லை. கேட்பதைத் தெளிவாகவே கேட்கிறோம்.

மாத்திரை அட்டையின் எந்த முனையை நறுக்கினாலும் மறு துண்டிலே நாள் தெரியும்படி, ஒவ்வொரு குமிழின் பின்னாலும் காலாவதியை அச்சிடச் செய்க. தமிழிலும் தெரியச் செய்க. ரசீதிலே தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இல்லாத விற்பனை செல்லாது என ஆக்குக. விற்காத சரக்கை, முழு அட்டையாயினும் நறுக்கிய அட்டையாயினும், உற்பத்தியாளனே முழு விலைக்குத் திரும்பப் பெறவேண்டும் என்று சட்டம் இயற்றுக. குற்றத்தின் ஊற்றுக்கண் அப்போதுதான் அடைபடும். அரசு மருந்தகமாயினும் தனியார் கடையாயினும், மாதத்தின் கடைசி நாளிலே அலமாரி சோதிக்கப்பட்டதா, சோதித்தவர் யார் என்பதை மக்கள் காணும் பலகையிலே எழுதி வைக்கச் செய்க. முதலில் முடிவது முதலில் வெளியேறட்டும். மூன்று மாதத்தில் முடிவது சிவப்புக் குறியோடு நிற்கட்டும். வீடுகளிலே தேங்கிய பழைய மருந்துகளைத் திரட்ட 2025இலே கேரள அரசு கோழிக்கோட்டிலே திட்டம் தொடங்கிற்று; நாம் ஏன் பின்தங்கவேண்டும்? குப்பைக்குப் போகாத மருந்து, குப்பையிலிருந்து திரும்பி வராது. மாநில ஆட்சியிலே எவர் அமர்ந்திருந்தாலும் அவர்க்கு இது கடமை. டில்லியிலே எவர் அமர்ந்திருந்தாலும் அவர்க்கு இது கேள்வி.

சட்டம் வரும் வரை சும்மா இருப்பதா? தோழர்களே, உங்கள் கையிலே இன்றே ஓர் ஆயுதம் இருக்கிறது. பலர் அறியாத ஆயுதம். மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மருந்து வாங்கிய எவரும், உரிய கட்டணம் செலுத்தி, அதை அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குத் தரலாம் என்கிறது. தனி மனிதரும் தரலாம். அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமும் தரலாம். அதிகாரி வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

நம் படிப்பகங்களிலே மாலை நேரத்திலே செய்தித்தாள் படித்துக் காட்டி ஒரு தலைமுறைக்கு அரசியல் அறிவூட்டினோம். இன்று அதே படிப்பகத்திலே, அட்டையைக் கொண்டுவாருங்கள், நாளைப் படித்துச் சொல்கிறோம் என்று ஒரு பலகை தொங்கட்டும். எழுத்தறிந்த தங்கை, எழுத்தறியாத பாட்டிக்குப் படித்துக் காட்டட்டும். நறுக்கிய அட்டையிலே நாளில்லையா? வாங்காதீர்கள். ரசீது இல்லையா? நகராதீர்கள். நாள் கடந்ததா? எறிந்துவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு. கடைக்காரரைப் பகைக்க வேண்டாம். அவரும் திணிப்புக்கு இரையானவராக இருக்கக்கூடும். அவரிடம் கேட்கும் கேள்வி, அவர் வழியே கம்பெனியின் வாசல் வரை போகட்டும்.

ஏழைக்கு நோய் வந்தால் கூலி போகும். கூலி போனால் அடுப்பு அணையும். அணைந்த அடுப்பின் சாம்பலிலிருந்து பொறுக்கிய காசிலேதான் அவன் மருந்து வாங்குகிறான். அந்தக் காசுக்கு உயிருள்ள மருந்தைக் கொடு என்று கேட்பது சலுகையல்ல. உரத்த குரலிலே, ஊர்தோறும், கடைதோறும், மருத்துவமனை வரிசைதோறும் கேட்போம்: நாள் என்ன? நாளைக் காட்டு! நாளைக் காட்டிய பிறகு காசை வாங்கு!